பல்கலைக்கழகத்திலிருந்து கிராமத்துக்கு: ஆரோக்கியம், சூழல் சார்ந்த களப்பணியை உருப்படியாகச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பேனர் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பேனரில் போட ஒரு தேதி வேண்டுமே என்று யோசிக்கிற இடத்திலேயே பெரும்பாலான களப்பணிகள் தடம் புரண்டுவிடுகின்றன. முதலில் தேதி முடிவாகும், அப்புறம் பேருந்து, அப்புறம் சிறப்பு விருந்தினர். எந்த ஊர், அந்த ஊருக்கு என்ன தேவை என்பதெல்லாம் கடைசியில்தான் வரும். மாணவனாகச் சில முறையும், பிறகு மாணவர்களை அழைத்துப் போகிற ஆளாகப் பல முறையும் இப்படிப்பட்ட முகாம்களில் இருந்திருக்கிறேன். முதல் முகாமில் நாங்கள் நட்ட மரக்கன்றுகளில், அடுத்த முறை போனபோது மிஞ்சியிருந்தவை முட்டுக் கொடுத்த குச்சிகள் மட்டும்தான். ஆடுகளைக் குற்றம் சொல்ல முடியாது. கோடை தொடங்கும் நேரத்தில் நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் கிளம்பி வந்தவர்கள் நாங்கள்.

அதைவிட உறுத்தியது வேறொன்று. ரத்த அழுத்தம் பார்த்து, அளவு அதிகம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தச் சீட்டை ஒரு பெரியவர் மாதக்கணக்கில் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். "திரும்பி வருவீங்கன்னுதான் வெச்சிருந்தேன்" என்றார். நடுவில் எந்த மருத்துவரிடமும் அவர் போகவில்லை. போகச் சொல்லித்தான் எழுதியிருந்தோம்; எங்கே, எந்தக் கிழமை, யாரோடு என்று எழுதவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில்தான் போகும். இரண்டாம் முறை எப்போது போகப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

படி 1: முதலில் காலண்டர், அதுவும் அவர்களுடையது

பல்கலைக்கழகத்தின் வருடம் செமஸ்டர்களால் ஆனது. கிராமத்தின் வருடம் விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, மழை, பிழைப்புத் தேடி வெளியூர் போகும் மாதங்கள் என்று ஓடுகிறது. தேர்வு முடிந்த வாரம் மாணவர்களுக்கு வசதி என்று போய் இறங்கினால் ஊரில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். கூட்டத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போக முடியாத முதியவர்களும் மட்டும் வருவார்கள். நீங்களும் "மக்களிடம் ஆர்வம் குறைவு" என்று அறிக்கையில் எழுதிவிடுவீர்கள்.

ஒரே ஊர், குறைந்தது மூன்று வருடம் என்று துறை அளவில் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். மாணவர்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள், எனவே ஆசிரியர் ஒருவராவது மாறாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு குழுவிலும் போன வருடம் வந்த மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1914இல் வந்த ஸ்மித்–லீவர் சட்டம் பல்கலைக்கழக அறிவை விவசாயிகளிடம் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு நிலையான நிதி கிடைக்க வழி செய்தது, அந்தந்த வட்டாரத்திலேயே இருந்து வேலை செய்யும் விரிவாக்க அலுவலர்கள் என்ற ஏற்பாடு அதனால் வேரூன்றியது. நூறு வருடம் தாண்டியும் அது ஓடுகிறதென்றால், ஆள் அங்கேயே இருந்ததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உங்களால் ஊரில் ஆளை அமர்த்த முடியாது, சரி. ஊருக்குத் தெரிந்த ஒரு தொலைபேசி எண்ணை மூன்று வருடம் மாற்றாமல் வைத்திருக்க முடியுமல்லவா?

பட்ஜெட்டிலும் இதே கணக்குதான். தொடக்க விழாவில் பணம் கரைந்துவிட்டால் ஆறாவது மாதத்தில் போக வண்டிக்குக் காசு இருக்காது. திரும்பிப் போகும் பயணங்களுக்கான தொகையை முதலிலேயே தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள்.

படி 2: வெறுங்கையோடு போங்கள்

முதல் பயணத்துக்கு ஐந்தாறு பேர் போதும். பரிசுப்பொருள், மருந்துப் பெட்டி, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். கையில் ஒன்றைக் கொண்டுபோனால் ஊர் அதைத்தான் கேட்கும். கண்ணாடி கொண்டுபோனால் கண் மங்குகிறது என்பார்கள், வலி மாத்திரை கொண்டுபோனால் மூட்டு வலி என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை, கிடைக்கிறதைக் கேட்பது விவரமான ஆட்கள் செய்வதுதான். ஆனால் அதை வைத்துத் 'தேவை மதிப்பீடு' என்று எழுதினால் அது உங்கள் பெட்டியின் மதிப்பீடாகத்தான் இருக்கும்.

ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் வேலை தொடங்கியபோது, மக்கள் முதலில் கேட்டது தண்ணீரையும் உணவையும். வந்தவர்கள் மருத்துவர்கள், இருந்தாலும் அங்கிருந்தேதான் தொடங்கினார்கள். பிறகு ஊர்களிலிருந்தே, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைப் பயிற்றுவித்து ஊர்நலப் பணியாளர்கள் ஆக்கினார்கள். 1978இல் ஆரம்ப சுகாதாரம் பற்றிய சர்வதேச மாநாட்டின் அல்மா-அட்டா பிரகடனம் வந்து, தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று எழுதியது. எழுதி இத்தனை வருடம் ஆகியும் நோட்டீஸை அச்சடித்துவிட்டுத்தான் ஊருக்கே போகிறோம்.

முதல் பயணத்தில் என்னதான் செய்வது? மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றும் பங்கேற்பு முறை ஊராய்வு என்று பெயர் பெற்ற வழிமுறையிலிருந்து வருபவை. பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் பரப்பியது அது.

ஒன்று, ஊரைக் குறுக்காக நடப்பது. மேட்டிலிருந்து பள்ளம் வரை. தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போய்த் தேங்குகிறது, குப்பை எங்கே எரிகிறது, நல்ல சாலை எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஊர்ப் பெரிய மனிதர் மட்டும் கூட வந்தால் அவர் காட்டுகிற தெருக்களைத்தான் பார்ப்பீர்கள், ஆகவே இரண்டாம் முறை ஒரு பள்ளி மாணவியோடும் தண்ணீர் தூக்கும் பெண்களோடும் நடங்கள். அதே ஊர் வேறு ஊராகத் தெரியும்.

இரண்டு, தரையில் வரைபடம். சாக்பீஸ், சாம்பல், கல், இலை எதுவாக இருந்தாலும் சரி, நீங்கள் வரையாதீர்கள், அவர்கள் வரையட்டும். யார் கையில் குச்சி இருக்கிறது, யார் பின்னால் நின்று "அது அங்க இல்ல" என்று முணுமுணுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வரைந்து முடித்ததும் எந்த வீடுகள் விட்டுப்போயின என்று பாருங்கள். ஊரின் கண்ணுக்கே படாத வீடுகள் அவை, உங்கள் வேலை அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

மூன்று, பருவ நாட்காட்டி. பன்னிரண்டு கட்டம் போட்டு, எந்த மாதம் வயிற்றுப்போக்கு அதிகம், எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் கையில் காசில்லை, எந்த மாதம் தண்ணீர் தூரம் என்று கூழாங்கற்களை அடுக்கச் சொல்லுங்கள். நான்கு வரிசைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தால் கேள்வித்தாள் நிரப்பிக் கண்டுபிடிக்க முடியாதது கண்ணெதிரே இருக்கும். நோய் வரும் மாதமும் காசில்லாத மாதமும் ஒன்றாகவே இருந்தால், "உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்ற உங்கள் போஸ்டருக்கு அந்த மாதத்தில் எந்த அர்த்தமும் இல்லை.

பெண்களோடு தனியாக உட்காருங்கள், அவர்களுக்குத் தோதான நேரத்தில். பொதுக்கூட்டத்தில் ஆண்கள் சாலை கேட்ட ஊரில், அன்று மாலையே பெண்கள் குழாயடியில் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

படி 3: ஏற்கெனவே நன்றாக இருக்கும் வீட்டைத் தேடுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1990 இறுதியில் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் சார்பில் ஜெரி ஸ்டெர்னினும் மோனிக் ஸ்டெர்னினும் வியட்நாமுக்குப் போனார்கள். குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் குறைக்க வேண்டும், ஆறு மாதத்தில் பலன் தெரிய வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. வெளியிலிருந்து உணவு கொண்டுவந்து கொடுத்தால், கொடுப்பது நின்ற மறுவாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனவே கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இதே ஊரில், இதே ஏழ்மையில், நன்றாக வளர்ந்திருக்கும் குழந்தைகள் இருக்கிறார்களா? இருந்தார்கள். அந்த வீடுகளில் வயலில் கிடைக்கும் சின்ன இறால், நண்டுகளையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இவை குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். கூடவே, நாளைக்கு இரண்டு வேளை என்பதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டினார்கள், ஊட்டும் முன் கை கழுவினார்கள். பிறகு நடந்ததுதான் முக்கியம். யாரும் மேடை போட்டு இதைப் பேசவில்லை; மற்ற தாய்மார்கள் ஒரு கை இறாலோ கீரையோ கொண்டுவந்து, ஒன்றாகச் சமைத்து, தங்கள் குழந்தைக்கு அங்கேயே ஊட்டிப் பழகினார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். எல்லா வீட்டிலும் கொசு இருக்க, ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குத் துணி கட்டியிருப்பார்கள். எல்லோரும் குப்பையை எரிக்க, ஒருவர் மட்டும் மாட்டுச் சாணத்தோடு குழியில் போட்டு மூடியிருப்பார். அவர்களைக் கண்டுபிடித்து, மேடையில் ஏற்றாமல், அவர்கள் வீட்டு வாசலிலேயே நான்கு பேரோடு உட்கார்ந்து பேச வையுங்கள். நிபுணர் சொன்னால் "உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் பதில் செல்லாது.

படி 4: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அனுமதி வாங்குங்கள்

தண்ணீர், கழிப்பறை, ஊட்டச்சத்து, மரம் நடுதல், சூரிய ஆற்றல், யோகா, போதை ஒழிப்பு எல்லாம் ஒரே வாரத்தில் வைப்பது அறிக்கையில் பக்கத்தை நிரப்பும், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஊர் கேட்டதா, உங்களில் யாருக்காவது அது உண்மையாகவே தெரியுமா, நீங்கள் போன பிறகும் ஊராரே ஓட்ட முடியுமா என்ற மூன்று சல்லடையில் போட்டுச் சலித்துப் பாருங்கள். மூன்றாவதில்தான் அதிகம் விழும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வங்கதேசத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. குளம் குட்டை நீரால் வயிற்றுப்போக்கு பரவுவதைத் தடுக்க 1970களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு அங்கே கைப்பம்புக் குழாய்க் கிணறுகள் பெருமளவில் போடப்பட்டன. கிருமி இல்லாத நீர்தான். ஆனால் நிலத்தடியில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993இல்தான் அது தெரியவந்தது, அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் கிணறு கிணறாகச் சோதித்து, ஆர்சனிக் கூடுதலானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். குடிநீர் ஆதாரம் எதையாவது மாற்றச் சொல்வதற்கு முன் ஆய்வகச் சோதனை செய்யாமல் வாயைத் திறக்காதீர்கள். உங்கள் வேதியியல் துறை இதற்காகத்தான் இருக்கிறது.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சி, ஊர்க்கூட்டம், அருகிலுள்ள சுகாதார நிலையம் மூன்றிடமும் முன்கூட்டியே பேசுங்கள். சுகாதார நிலையத்துப் பணியாளருக்குத் தெரியாமல் போய் முகாம் போடுவது அவர் பல வருடமாகச் செய்யும் வேலையை அவமதிப்பது போல. உடல்நலத் தகவல் திரட்டி ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். ஃபோட்டோவுக்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். நோயாளியின் முகம், அழுகிற குழந்தை, கழிப்பறை இல்லாத வீடு இதெல்லாம் உங்கள் துறையின் சமூக ஊடகப் பக்கத்துக்கான பொருள் அல்ல.

படி 5: மாணவர்களைப் பேசப் பழக்காதீர்கள், கேட்கப் பழக்குங்கள்

இரண்டு நாள் பயிற்சி வையுங்கள். முதல் நாள் முழுக்கக் கேள்வி கேட்கும் பயிற்சி. "கை கழுவுவீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கை கழுவுற இடம் எது, காட்டறீங்களா?" என்று கேட்டால் அங்கே சோப்பு இருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட மாணவர், ஐம்பது பக்கக் கேள்வித்தாளோடு வரும் மாணவரைவிட உபயோகமானவர்.

இரண்டாம் நாள், சொல்லக்கூடாதவை. மருத்துவ மாணவர் அல்லாதவர் மருந்துப் பெயர் சொல்லக்கூடாது. "உங்க ஊர் ரொம்ப அழுக்கு" என்ற தொனி கூடாது. வாக்குறுதி கொடுக்கவே கூடாது, "பாக்கறோம்" என்றுகூடச் சொல்லக்கூடாது. சொல்பவருக்கு அது மரியாதைக்கு ஒரு வார்த்தை, கேட்கிறவர் அதை நம்பிக் காத்திருப்பார்.

படி 6: வேலை

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். எந்தத் தலைப்பை எடுத்தீர்களோ அதற்குரிய பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

குடிநீர். முதலில் கிருமி இருக்கிறதா என்று ஊரார் கண்ணாலேயே பார்க்கட்டும். இந்தியாவில் மஞ்சாவும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு காகிதப் பட்டைச் சோதனை இதற்கு அருமையானது. பட்டை உள்ள பாட்டிலில் நீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். கிணற்று நீர் ஒரு பாட்டில், வீட்டுப் பானையிலிருந்து ஒரு பாட்டில் என்று இரண்டும் வையுங்கள். கிணற்று நீர் தெளிவாக இருந்து பானை நீர் கறுத்தால் தப்பு கிணற்றில் இல்லை, பானையில் கை விட்டு மொள்வதில் இருக்கிறது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது ரசாயனக் கலப்பைக் காட்டாது, இயற்கையாகவே சல்ஃபைடு உள்ள நிலத்தடி நீரில் தவறாகவும் கறுக்கும்.

சுத்திகரிக்க, கொதிக்க வைப்பதென்றால் நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். பத்து இருபது நிமிடம் என்று சொல்லி விறகை வீணாக்காதீர்கள். குளோரின் என்றால் போட்டு அரை மணி நேரம் கழித்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். மாணவர்களிடம் சோதனைப் பெட்டி இருக்கட்டும். வெயில் முறையும் உண்டு: தெளிந்த நீரை, நிறமில்லாத பெட் பாட்டிலில் (2 லிட்டர் வரை) நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைப்பது, மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். கலங்கல் நீருக்கு இது வேலை செய்யாது. ஆர்சனிக், ஃப்ளோரைடு போன்றவற்றுக்கு இந்த மூன்றும் தீர்வே அல்ல.

வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி) பாக்கெட் கிடைக்கும் ஊரில் பாக்கெட்தான், அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும். கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. அதனால் இதைப் பேசிப் புரிய வைக்க முயலாமல் ஒவ்வொருவர் வீட்டு ஸ்பூனையும் கொண்டுவரச் சொல்லி அவர்கள் கையாலேயே கலந்து ருசி பார்க்க வையுங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்பது நல்ல அடையாளம். ரத்தம் கலந்த மலம், குடிக்க முடியாத அளவு சோர்வு, குழிவிழுந்த கண் என்றால் உடனே சுகாதார நிலையம்.

கை கழுவுதல். போஸ்டரைக் குறைத்து இடத்தை மாற்றுங்கள். கழிப்பறைக்கும் அடுப்புக்கும் பக்கத்திலேயே நீரும் சோப்பும் இருந்தால் ஆள் கழுவுவார், பத்தடி தள்ளியிருந்தால் கழுவமாட்டார். குழாய் இல்லாத இடத்தில், ஓட்டை போட்ட ஒரு கேனைக் கம்பில் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாய்கிற மாதிரி கயிறு கட்டி, பக்கத்தில் சோப்பையும் கயிற்றில் தொங்கவிடலாம். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்கள்.

கழிப்பறை. வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்தில் 1999–2000 வாக்கில் இந்திய வல்லுநர் கமல் கர் உருவாக்கிய சமூகம் தலைமையேற்கும் முழுச் சுகாதார முறை, மானியத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மலம் எங்கே போகிறது என்று ஊரையே நடந்து பார்க்க வைத்தது. ஊர் தானாகக் குழி தோண்டத் தொடங்கியது. பல நாடுகளுக்குப் பரவிய முறை, ஆனால் சில இடங்களில் அது ஏழைகளைத் துரத்தி அவமானப்படுத்துவதாக மாறியது என்ற விமர்சனமும் நியாயமானதே. நடையை எடுத்துக்கொள்ளுங்கள், அவமானப்படுத்துவதை விட்டுவிடுங்கள். குழி தோண்டும்போது நீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பதை ஒரு சிவில் மாணவர் அளந்து பார்க்கட்டும்.

பிபி, சுகர் பார்ப்பது. முகாம் என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய பரிசோதனைக் கோட்பாடுகளில் ஒன்று, கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மேற்கொண்டு நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை அளிக்கவும் வசதி இருக்க வேண்டும் என்பது. அந்த ஏற்பாடு இல்லாமல் ஐந்நூறு பேருக்குப் பார்த்தேன் என்பது ஐந்நூறு பேரைப் பயமுறுத்தினேன் என்பதற்குச் சமம். பார்ப்பதாக இருந்தால் ஒழுங்காகப் பாருங்கள்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில், பேச்சில்லாமல், இரண்டு முறை. வெயிலில் வரிசையில் நின்று வந்தவருக்கு உடனே கட்டினால் கிடைக்கும் எண் முகாமின் எண், அவருடையது அல்ல. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தாலும் அன்றைக்கே "உங்களுக்கு பிபி" என்று சொல்லாதீர்கள், வேறொரு நாளும் பார்த்த பிறகுதான் அது. சீட்டில் சுகாதார நிலையத்தின் பெயர், கிழமை, நேரம், கூட வரப்போகிற ஊர்ப் பணியாளரின் பெயர் இருக்கட்டும். அதன் நகல் ஒன்று, அவர் சம்மதத்தோடு, அந்தப் பணியாளரிடம் இருக்கட்டும்.

அடுப்பு. புகையில்லா அடுப்பைக் கொடுத்து ஃபோட்டோ எடுப்பது சுலபம். ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் நான்கு வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், முதல் வருடம் புகை சுவாசிப்பது கொஞ்சம் குறைந்தது, அப்புறம் அந்தப் பலன் போய்விட்டது; மக்கள் அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. ஆய்வகத்தில் வேலை செய்த அடுப்புதான் அது. சமைக்கிறவரின் பாத்திரம் அதில் உட்காருகிறதா, அவர் உட்காரும் உயரம் சரியா, புகைக்குழாயை யார் சுத்தம் செய்வார் என்பதை ஒரு வீட்டில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே இரண்டாவது அடுப்பை வாங்குங்கள்.

குப்பை, கழிவுநீர். மட்கும் குப்பை வீட்டிலேயே தங்கட்டும். காய்ந்ததும் பச்சையும் கலந்து, கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30க்கு 1 என்று வருவதுதான் கணக்கு. ஊரில் சொல்லும்போது, பச்சை ஒரு கூடைக்குக் காய்ந்த இலை இரண்டு மூன்று கூடை என்றால் புரியும். பிழிந்தால் ஓரிரு சொட்டு வருமளவு ஈரம். நாறினால் காய்ந்ததைச் சேர், சூடே ஏறாமல் கிடந்தால் பச்சையும் தண்ணீரும் சேர். இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதினால் போதும். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று சொல்வதற்கு முன், எரிக்காமல் வைத்தால் அதை எடுத்துப்போக யார் வருவார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தத் தலைப்பை இந்த வருடம் எடுக்காதீர்கள். பாத்திரம் கழுவும் நீர் தேங்கும் இடங்களில் உறிஞ்சுகுழி நல்லது, ஆனால் களிமண் நிலத்தில் அது உறிஞ்சாது, கொசுத் தொட்டியாகிவிடும். ஒரு குழியில் வாளித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

படி 7: சாவி யாரிடம்?

நீங்கள் விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு பொருளுக்கும், அது உடைந்தால் யார் சரி செய்வார், உதிரி எங்கே கிடைக்கும், செலவு யாருடையது என்று மூன்று பதில் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பொருளைக் கொண்டுபோக வேண்டாம். இது கடுமையாகத் தெரியலாம், ஆனால் பூட்டிக் கிடக்கும் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் மேல் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

பொறுப்பை ஊர் தேர்ந்தெடுக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள், அவர்களில் பெண்கள் இருக்கட்டும், எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். மாணவருக்கு இந்த வேலைக்கு மதிப்பெண் கிடைக்கிறது, ஆசிரியருக்குப் பதவி உயர்வுக் கணக்கில் சேர்கிறது. ஊர்க்காரர் மட்டும் ஏன் சேவையாகச் செய்ய வேண்டும்?

படி 8: எண்ணுவது

பங்கேற்றவர் எண்ணிக்கை, கொடுத்த நோட்டீஸ் எண்ணிக்கை, நட்ட கன்று எண்ணிக்கை எல்லாம் நீங்கள் செய்ததை எண்ணுவது. ஊரில் என்ன மாறியது என்பதற்கு வேறு எண்கள் வேண்டும்: ஆறாவது மாதத்தில் உயிரோடிருக்கும் கன்று, சோப்பு ஈரமாக இருக்கும் வீடு, பரிந்துரைச் சீட்டு பெற்றவர்களில் சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்தவர், இன்னும் எரிகிற அடுப்பு. இவற்றை வேலை தொடங்கும் முன் ஒருமுறை, ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று அதே வீடுகளில் பாருங்கள். இருபது முப்பது வீடு போதும். முன்னறிவிப்போடு போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அது மரியாதையில்லை. ஆனால் காலையில் சொல்லிவிட்டு மாலையில் போங்கள்.

எண் மோசமாக வந்தால் மறைக்காமல் ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். பிறகொரு முகாமில், நாற்பது கன்றில் நான்குதான் மிச்சம் என்று சொன்னபோது, எந்த இடத்தில் நட்டிருக்க வேண்டும், எந்த மாதம், எந்த மரம் என்று ஊரே பேசத் தொடங்கியது. அதை முதல் முறையே கேட்டிருக்கலாம்.

படி 9: அறிக்கை இரண்டு

ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, அதை எப்படி எழுதுவது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று ஊருக்கு: ஒரே தாள், பெரிய எழுத்து, அவர்கள் பேசும் மொழி. என்ன கேட்டார்கள், என்ன செய்தோம், எது சரியாக வரவில்லை, எடுத்த தகவல் யாரிடம் இருக்கிறது, எந்த எண்ணுக்கு அழைப்பது. அவர்கள் தரையில் வரைந்த வரைபடத்தைப் பார்த்து எழுதியதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள், அது அவர்களுடையது. தாளின் கடைசி வரியில் அடுத்து வரும் தேதியை எழுதுங்கள். அந்தத் தேதியில் மழை கொட்டினாலும், மாணவர்கள் எல்லோருக்கும் தேர்வு இருந்தாலும், ஒரே ஓர் ஆளாகவாவது போய் நில்லுங்கள்.